வண்டியில் இல்லாத சத்தம்: புதுச்சேரி, கடலூர் பைக் கிளப் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி கடற்கரைச் சாலை காந்தி சிலையில் கிளம்பி, கடலூர் வழியாகச் சிதம்பரம் போய்த் திரும்ப நீங்கள் ஒரு பைக் பயணம் திட்டமிட்டிருக்கிறீர்கள். பின்னால் வரும் வேனில் மெக்கானிக்காக வர முடியுமா என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் கடைக்கு வந்து கேட்டீர்கள். வருகிறேன். கூலி வேண்டாம், டீசல் செலவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் நீங்கள் கொடுத்துவிட்டுப் போன நோட்டீஸைப் படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கடை வாசலில் நின்று ஐந்து நிமிஷத்தில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். இந்த இரண்டு ஊரிலும் உங்களைப் போல வேறு கிளப்புகளும் இருக்கின்றன. அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

ரெட்டிச்சாவடி பக்கம் நான் கடை போட்டு 27 வருஷம் ஆகிறது. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் ஓடுகிற வண்டியெல்லாம் என்றைக்காவது ஒருநாள் என் கடையில் நின்றிருக்கும். முதுநகர் துறைமுகத்திலிருந்து மீன் பெட்டியோடு வரும் எக்ஸ்எல், சிப்காட் ஷிப்டுக்குப் போகும் ஸ்பிளெண்டர், மருந்துக் கம்பெனிப் பையன்களின் பைக், டீச்சர்களின் ஸ்கூட்டி, உங்களுடைய புல்லட். விழுந்து எழுந்து வரும் வண்டிகள் தனிக் கணக்கு. ஃபோர்க் வளைந்து, ரிம் பெண்டாகி, லெக் கார்டு மடங்கி, சில சமயம் டேங்க் மேல் காய்ந்த ரத்தத்தோடு வரும். அதையெல்லாம் சரிசெய்து, கழுவித் துடைத்து, புதுசு போல நிறுத்திக் கொடுத்துவிடுவோம். நான் சொல்ல வருவது அதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றி.

விபத்தான வண்டியை எடுத்துப் போனவர் பத்து நாளில் திரும்பி வருவார். "அண்ணே, முன்னாடி ஒரு சத்தம் வருது" என்பார். டிரையல் போய்ப் பார்ப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. கோன் செட்டை இறுக்கிப் பார்ப்பேன். வீலைத் தூக்கிச் சுற்றி, பேரிங்கில் காதை வைத்துக் கேட்பேன். பிரேக் ஷூவைக் கழற்றித் தேய்த்து மாட்டுவேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும். அடுத்த வாரம் மறுபடி வருவார். இந்தத் தடவை, "ஹேண்டில் ஒரு பக்கமா இழுக்குது" என்பார். அதுவும் இருக்காது. ரொம்ப வருஷம் இவர்களைக் குறை சொல்வதற்கென்றே வருகிறவர்கள் என்று நினைத்திருந்தேன். என் கை வேலையைச் சந்தேகப்படுகிறார்களே என்று கோபமும் வந்திருக்கிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது நானே விழுந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2017 நவம்பர். நல்ல மழை. ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். ஆல்பேட்டை பக்கம் பெண்ணையாற்றுப் பாலத்தை நெருங்கும்போது முன்னால் போன லாரி சட்டென்று ஒடித்துத் திரும்பியது. பிரேக் பிடித்தேன். ஓரத்து மணலில் வழுக்கி, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஹெல்மெட் இருந்ததால் தலை பிழைத்தது. காறை எலும்பு உடைந்து பிளேட் வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "எலும்பு நல்லா கூடிடுச்சு, வண்டி ஓட்டலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான், எலும்பு கூடியிருந்தது.

வீட்டிலிருந்து கடை வரைக்கும் ஓட்டினேன். பாலத்துப் பக்கம் மட்டும் போக முடியவில்லை. தூரத்தில் கைப்பிடிச் சுவர் தெரிந்தாலே உள்ளங்கை வியர்த்து ஆக்சிலேட்டர் வழுக்கும். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் ஓரங்கட்டி, இறங்கி நின்றுவிடுவேன். ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கக் கடலூருக்குப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். ஊரார் வண்டிக்கெல்லாம் டிரையல் பார்க்கிறவன் பஸ்ஸில் போவதை நாலு பேர் கேட்டார்கள். தோள்பட்டை வலி என்றேன். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன். ராத்திரி கண்ணை மூடினால் அந்த லாரியின் சிவப்பு விளக்கு வந்து நிற்கும். பிள்ளைகள் சத்தமாகப் பேசினால்கூட எரிந்து விழுந்தேன். கடைப் பையன் ஸ்பேனரைக் கீழே போட்டால் உடம்பு தூக்கிவாரிப்போடும்.

ஒருநாள் ஸ்கூட்டிக்கு ஆயில் மாற்ற ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா வந்தார். ஸ்பேனர் விழுந்த சத்தத்துக்கு நான் திடுக்கிட்டதை அவர் பார்த்துவிட்டார். "தூக்கம் வருதா தம்பி?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். ஆறு மாதத்தில் யாரும் கேட்காத கேள்வி. ஒரு வாடிக்கையாளர் முன்னால் நான் அழுதது அன்றைக்குத்தான். அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அழுது முடிந்த பிறகு, எந்த அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை மனநலப் பிரிவு இருக்கும் என்று ஒரு பில் பேப்பரின் பின்னால் எழுதிக் கொடுத்தார்.

அங்கே தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு வேண்டியிருக்கும். பெரிய விபத்துக்குப் பிறகு முதல் சில வாரம் தூக்கம் கெடுவதும், அதே காட்சி திரும்பத் திரும்ப வருவதும், சின்னச் சத்தத்துக்குப் பதறுவதும் பலருக்கும் நடக்கும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே குறைந்துவிடும். ஒரு மாதம் தாண்டியும் குறையாமல், வேலையையும் வீட்டையும் கெடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு வைத்தியம் தேவை. வைத்தியமும் இருக்கிறது. எனக்கு மாத்திரையைவிடப் பேச்சும் பழக்கமும்தான் உதவின. முதல் வாரம் பாலத்தருகே போய்ச் சும்மா நின்றுவிட்டு வரச் சொன்னார்கள். அடுத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடக்க வேண்டும். அப்புறம் விடியற்காலையில், போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஓட்டிப் போக வேண்டும். கடைசியில்தான் ராத்திரி. பயத்தை ஒரே நாளில் பிடுங்கிப் போடாமல் படிப்படியாக உடம்புக்குப் பழக்குவது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. இப்போது அந்தப் பாலத்தை வாரம் நாலு தடவை கடக்கிறேன்.

தலையில் அடிபட்டவர்கள் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கல். ஸ்கேன் பெரிதாக ஒன்றும் காட்டாமல் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஆனால் மறதி வரும், கோபம் வரும், ஆளே மாறிப்போனது போல இருக்கும். வீட்டில் திமிர் என்பார்கள், குடி என்பார்கள். அடிபட்ட மூளை ஆற வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது குடும்பத்துக்குத் தெரிந்தால் பாதிச் சண்டை குறையும்.

இனி உங்கள் நோட்டீஸுக்கு வருகிறேன். 80 பைக், ஒரே மாதிரி டி-ஷர்ட், ட்ரோன் படப்பிடிப்பு, சில்வர் பீச்சில் உறுதிமொழி, சிதம்பரத்தில் மதிய உணவு, மாலைக்குள் திரும்புதல். உங்கள் மனசு நல்ல மனசு. அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் யார் யாரிடம் பேசப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 80 வண்டி சத்தத்தோடு ஒருவரைக் கடந்து போனால், அவர் நிமிர்ந்து பார்ப்பார், அவ்வளவுதான். இந்த ரோட்டில் பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களைத் தேடி நீங்கள் நிற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் இரண்டு ஊரின் நிலைமை அப்படி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். லட்சம் பேருக்கு 12.4. தமிழ்நாட்டில் அது 25.9. புதுச்சேரியில் 29.7. நாட்டின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நாடு முழுக்க இப்படி இறந்தவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஆண்கள். அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஒரு கணக்கை ஆஸ்பத்திரியில் பேசுகிறார்கள், இன்னொன்றைப் போக்குவரத்துப் போலீஸில் பேசுகிறார்கள். விழுந்து, பிழைத்து, கடனோடும் வலியோடும் வீட்டில் கிடக்கும் ஆணுக்கு இரண்டும் ஒன்றுதான். கால் உடைந்த டெலிவரி பையனுக்கு அன்றைக்கே வருமானம் நின்றுபோகிறது. வண்டித் தவணை நிற்பதில்லை.

அப்படி ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 23 வயசு. சாப்பாடு டெலிவரி. மஞ்சக்குப்பத்தில் கூட்டாளி ஒருவன் கண்ணெதிரே அடிபட்டதைப் பார்த்தவன். இவனுக்குச் சிராய்ப்பு மட்டும்தான். மூன்று தடவை என்னிடம் வந்தான். "அண்ணே, செயின்ல ஒரு சத்தம்." நான்தான் அந்தச் சத்தத்தை நன்றாக அறிந்தவனாயிற்றே. ஆனாலும் அன்றைக்குக் கடையில் ஏழு வண்டி நின்றது. செயினை இறுக்கி, எண்ணெய் விட்டு, "ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் அவன் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் அம்மா ஆர்சி புக்கோடு வந்தார். வண்டியை வந்த விலைக்கு விற்றுத் தரச் சொன்னார். பையன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை, சாப்பிடுவதில்லை, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிறான் என்று சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு போனேன்.

அவனிடம் நேராகவே கேட்டேன். "செத்துப் போயிடலாம்னு தோணுதாடா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை, கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை, கேட்கப்பட்டவருக்குப் பாரம் இறங்குகிறது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவன் ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆமாண்ணே" என்றான். அன்றைக்கு ராத்திரி அவன் அம்மா முன்னிலையிலேயே என் போனிலிருந்து 14416-க்குப் பேசினோம். அதுதான் டெலி மானஸ், போனில் மனநல ஆலோசனை சொல்லும் அரசுச் சேவை. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் இந்த உதவி கிடைக்கும். அடுத்த நாள் நேரில் டாக்டரிடம் கூட்டிப் போனோம். ஒருவர் உயிர் ஆபத்தில் இருக்கிறது என்று தோன்றினால் போனோடு விட்டுவிடாதீர்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்றுதான் அந்த அம்மா முதலில் பயந்தார். இந்தப் பயத்தாலேயே மறைக்கும் வீடுகள் ஏராளம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், உயிரை விட முயன்றவரைக் கடுமையான மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. உயிரை விட முயன்றால் தண்டனை என்று சொன்ன, பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் இல்லை. இதை நோட்டீஸில் இரண்டு வரியில் போடுங்கள். ட்ரோன் படத்தைவிட இது அதிகம் பேருக்கு உதவும்.

வெளிநாட்டில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று உங்களில் ஒரு தங்கை செல்போனில் காட்டினார். சிட்னியில் மார்க் ஹவ்வா என்பவர் 2012-ல் தொடங்கிய பயணத்தில், ஆண்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு பைக் ஓட்டி, ஆண்களின் புற்றுநோய்க்கும் மனநலத்துக்கும் நிதி திரட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது இங்கிலாந்தில் 'மென்டல் ஹெல்த் மோட்டார்பைக்' என்ற தொண்டு அமைப்பு செய்வது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கே மனநல முதலுதவிப் பயிற்சி கொடுக்கிறார்கள். ஓட்டுகிறவனின் பாஷை ஓட்டுகிறவனுக்குத்தான் புரியும் என்பது அதன் அடிப்படை. இந்த முதலுதவிப் பயிற்சியே ஆஸ்திரேலியாவில் 2000-ல் ஒரு நர்ஸும் ஒரு பேராசிரியரும் சேர்ந்து தொடங்கியது. நம் பக்கத்திலும் இது புதுசு இல்லை. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில், டாக்டர் அல்லாத சாதாரண மனிதர்கள்தான் இத்தனை வருஷமாகப் போனில் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

அதனால் பயணத்துக்கு முன்னால் ஒருநாள் ஒதுக்கி, புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையையோ கடலூர் மாவட்ட மனநலத் திட்டத்தையோ அணுகுங்கள். உங்கள் 80 பேரில் 20 பேருக்காவது எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பது என்று சொல்லித்தரச் சொல்லுங்கள். என்னைப் போன்ற மெக்கானிக்குகளையும் கூப்பிடுங்கள். இதை முக்கியமாகச் சொல்கிறேன். டாக்டரிடம் போகாதவன் எங்கள் கடைக்கு வருவான். வண்டி கழன்று கிடக்கும் அரை மணி நேரம் அவன் எங்கேயும் போக முடியாது, பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பான். மாதம் தவறாமல் வந்தவன் வராமல் போவதும், பளபளவென்று வைத்திருந்தவன் செயின் துருப்பிடிக்க விடுவதும் முதலில் எங்கள் கண்ணில்தான் படும். புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எனக்குத் தெரிந்த கடைகள் நாற்பதுக்கு மேல். நான் பேசிக் கூட்டி வருகிறேன்.

பயணத்தன்று, 80 வண்டியும் ஒன்றாகப் போக வேண்டாம். நான்கு நான்காகப் பிரியுங்கள். முதுநகர் துறைமுகத்தில் விடிகாலை ஏலம் முடிந்து மீன் பெட்டி கட்டும் இடத்தில் ஒரு நால்வர் நிற்கட்டும். சிப்காட் ஷிப்ட் மாறும்போது டீக்கடையில் ஒரு நால்வர். மஞ்சக்குப்பத்திலும் புதுச்சேரியிலும் டெலிவரி பையன்கள் ஆர்டருக்காகக் காத்திருக்கும் மர நிழல்கள் உங்களுக்கே தெரியும், நீங்களும் ஆர்டர் போடுகிறவர்கள்தானே. மைக் வேண்டாம். 'மனநலம்' என்று ஆரம்பித்தால் "எனக்கென்ன பைத்தியமா" என்று எழுந்து போய்விடுவார்கள். "விழுந்திருக்கீங்களா அண்ணே? அதுக்கப்புறம் வண்டி எடுக்க எப்படி இருக்கு? தூக்கம் வருதா?" இந்த மூன்றும் போதும். பதில் வந்தால் கேளுங்கள். நடுவில், "தைரியமா இருங்க", "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று சொல்லாதீர்கள். அந்த நர்ஸ் அம்மா என்னிடம் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆயில் மாற்றப் போயிருப்பேன். டி-ஷர்ட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் 14416 என்று தமிழில் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் அடியுங்கள். ஹெல்மெட் உள்ளே ஒட்டலாம். வெளியே ஒட்டினால் வெட்கப்படுகிறவனும் உள்ளே ஒட்டிக்கொள்வான். மிச்சத்தை எங்களிடம் கொடுங்கள், சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் ஒட்டித் தருகிறோம்.

பெண்களை மறந்துவிடாதீர்கள். ஸ்கூட்டியில் விழுந்த ஒரு பெண்ணுக்கு வீட்டில் கிடைக்கும் முதல் தீர்ப்பு, "இனிமே வண்டியைத் தொடாதே." அவள் பயமும் வீட்டார் பயமும் சேர்ந்து அவள் வேலையையே நிறுத்திவிடும். இப்படி விற்கச் சொல்லி என்னிடம் வந்த ஸ்கூட்டிகள் பல. உங்களோடு வரும் தங்கைகள் அந்த வீடுகளுக்குள் போக முடியும், நாங்கள் போக முடியாது.

இன்னொன்று. சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி வருவதே குறைந்த விலைச் சரக்குக்காக என்று இருக்கும் ஊர் புதுச்சேரி. கிளப் பயணங்கள் பல எங்கே போய் முடிகின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். தூக்கம் வராதவன் முதலில் தேடுவது அதைத்தான். அது தூக்கத்தையும் கெடுத்து, மனசையும் இன்னும் கீழே தள்ளும். இந்த ஒரு பயணத்திலாவது, முந்தின ராத்திரி தொடங்கித் திரும்பி வரும் வரை ஒருவரும் தொட வேண்டாம். குடிக்காதவர்கள் மட்டும் வந்தால் 80 பேர் 30 ஆகிவிடும் என்றால் 30 பேரே போவோம்.

சிதம்பரத்தில் மதியச் சாப்பாட்டை வைத்திருக்கிறீர்கள். அங்கேதான் கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பேர் கடலூர் என்பதால் பலருக்கு இது குழப்பம். சாப்பிடும் முன் அங்கே போய், மனநலப் பிரிவு எந்த நேரம், எந்தக் கட்டடம் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, ஜிப்மர் விவரமும் அதே தாளில் வரட்டும். எனக்குக் கிடைத்த பில் பேப்பரைப் போல, கையில் மடித்து வைத்துக்கொள்ளும்படி இருந்தால் போதும்.

நவம்பரில் மழை பிடித்துக்கொள்ளும். விழுகிறவர்கள் அதிகமாவதும் அப்போதுதான். அதனால் ஒரு மாதம் கழித்து, அதே நால்வர் அதே இடங்களுக்கு ஒரு தடவை போய் வாருங்கள். டி-ஷர்ட்டும் வேண்டாம், கேமராவும் வேண்டாம். முதல் தடவை பேசாதவர் இரண்டாம் தடவை பேசுவார்.

கடைசியாக ஒரு தகவல். அந்தப் பையன் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் என் கடைக்கு வருகிறான். மருந்து சாப்பிடுகிறான். வண்டியை அவன் அம்மா விற்கவில்லை, பின்பக்கம் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கிறோம். இன்னும் ஓட்ட ஆரம்பிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை தார்ப்பாயை விலக்கிவிட்டுப் பத்து நிமிஷம் அதன் மேல் உட்கார்ந்திருந்தான். உங்கள் பயணத்தைப் பற்றிச் சொன்னேன். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன் என்றான். அவனிடம் போய் அனுபவத்தைச் சொல்லுப்பா என்று மைக் நீட்டாதீர்கள், போட்டோ எடுக்காதீர்கள். டூல்ஸ் பெட்டியை அவன்தான் பார்த்துக்கொள்வான். வழியில் யாருக்காவது பஞ்சரானால் அவனைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ரெட்டிச்சாவடி பைக் மெக்கானிக் ஒருவர்